வண்டியில் பூட்டும் ரேடியோ ஆம்ப்ளிஃபயரும் அதற்கு வேண்டிய மின்சாரமும்

இரவு நேரத்தில் வண்டியை ஓரமாக நிறுத்தி, இன்ஜினை ஐடிலில் ஓடவிட்டு, ஹாம் ரேடியோவின் (உரிமம் பெற்ற பொழுதுபோக்காளர்கள் ஒருவரோடொருவர் பேசும் வானொலிக் கருவி) மைக்கைக் கையிலெடுத்துப் பேசத் தொடங்குகிறீர்கள். ஒவ்வொரு சொல்லுக்கும் டேஷ்போர்டு விளக்கு ஒருமுறை மங்கி மீள்கிறது. ஒரு நெடிலைச் சற்று இழுத்துச் சொன்னால் மங்கலும் அதே அளவு நீள்கிறது; குரலைத் தாழ்த்தினால் வெளிச்சம் தெளிகிறது. புதிதாக ஆம்ப்ளிஃபயர் பொருத்திய இரவில் இதை நான் முதன்முதலாகப் பார்த்தபோது, கருவி வேலை செய்வதற்கான அடையாளம் என்றே எண்ணி மகிழ்ந்தேன். வண்டியின் மின்னமைப்பு தன்னால் இயன்றதற்கு மேல் கொடுத்துக்கொண்டிருக்கிறது என்பதுதான் அதன் பொருள் என்று புரியச் சில வாரங்கள் ஆயின.

ஆம்ப்ளிஃபயர் என்ற கருவி ஆற்றலை உண்டாக்குவதில்லை. ரேடியோவிலிருந்து வரும் சிறிய அலைவரிசை சைகையை அச்சாக வைத்துக்கொண்டு, பேட்டரிப் பக்கத்திலிருந்து வரும் நேர்மின்னோட்டத்தை அதே வடிவத்தில் பெரிய சைகையாக மாற்றுவதே அதன் வேலை. ஆகவே ஆன்டெனாவுக்குப் போகும் ஒவ்வொரு வாட்டும் இன்ஜினில் எரியும் எரிபொருளிலிருந்து தொடங்கி, பெல்ட், ஆல்டர்னேட்டர், பேட்டரி, கேபிள், ஃபியூஸ் ஆகிய எல்லாவற்றையும் கடந்துதான் வந்தாக வேண்டும். இந்த வரிசையில் எந்த இடம் மெலிந்திருக்கிறதோ அந்த இடமே உங்கள் ஆம்ப்ளிஃபயரின் உண்மையான அளவைத் தீர்மானிக்கும். பெட்டியின் மேல் அச்சிட்டிருக்கும் எண் அன்று.

கணக்கின் அடிப்படை எளிது. மின்னழுத்தத்தை மின்னோட்டத்தால் பெருக்கினால் மின்திறன் கிடைக்கும். வீட்டில் 230 வோல்ட்டில் 1000 வாட் சாதனம் ஒன்று 4 ஆம்பியருக்குச் சற்று மேல் எடுத்துக்கொண்டு அமைதியாக ஓடிவிடும். அதே 1000 வாட்டை 13.8 வோல்ட்டில் கேட்டால் 72 ஆம்பியர் வேண்டும். இன்ஜின் ஓடும்போது வண்டியின் மின்னழுத்தம் பொதுவாக 13.5 முதல் 14.4 வோல்ட் வரை இருக்கும் என்பதால்தான் ஹாம் ரேடியோக்கள் பெரும்பாலும் 13.8 வோல்ட்டுக்கு வடிவமைக்கப்படுகின்றன. அழுத்தம் குறைவு என்பதால் ஓட்டம் பெருகுகிறது; வண்டியில் வரும் தொல்லைகளில் பெரும்பாலானவை இந்த ஒன்றிலிருந்தே கிளைக்கின்றன. 1950களின் நடுவில் பெரிய கார் நிறுவனங்கள் 6 வோல்ட்டிலிருந்து 12 வோல்ட்டுக்கு மாறியதற்கும், கனரக லாரிகள் 24 வோல்ட்டில் ஓடுவதற்கும் இதே காரணம் உண்டு: அழுத்தத்தை இரட்டிப்பாக்கினால் அதே திறனுக்குப் பாதி ஓட்டம் போதும்.

100 வாட் வெளியீடுள்ள சாதாரண ஹாம் ரேடியோ, கேட்கும்போது ஓரிரு ஆம்பியரும், அனுப்பும்போது 20 ஆம்பியர் அளவும் எடுக்கும். அதன் பின்னால் 500 வாட் ஆம்ப்ளிஃபயரை இணைப்பதாக வைத்துக்கொள்வோம். 500 வாட்டை 13.8 ஆல் வகுத்து 36 ஆம்பியர் என்று கணக்குப் போட்டுவிட்டுப் பலர் நிம்மதியடைகிறார்கள். அது வெளியே போகும் திறன். குரலைச் சிதைக்காமல் பெருக்கவேண்டிய ஆம்ப்ளிஃபயர்கள் பெரும்பாலும் ஏபி வகுப்பைச் சேர்ந்தவை. அவற்றின் பயனுறுதிறன் ஏறத்தாழ பாதிதான். உள்ளே போகும் 1000 வாட்டில் 500 வாட் ஆன்டெனாவுக்குப் போக, மீதி 500 வாட் வெப்பச் சிதறியின் அலுமினியத் தகடுகளில் சூடாக முடிகிறது. அதனால் கேட்கும் ஓட்டம் 72 ஆம்பியர். இதோடு முடியவில்லை: ஆம்ப்ளிஃபயரைத் தூண்டும் ரேடியோவும் அதே நேரத்தில் தன் பங்கான 15 அல்லது 20 ஆம்பியரை எடுத்துக்கொண்டிருக்கும். இரண்டையும் கூட்டினால் உச்சத்தில் 90 ஆம்பியரை நெருங்குகிறோம். சிகரெட் லைட்டர் சாக்கெட்டின் ஃபியூஸ் பொதுவாக 10 முதல் 20 ஆம்பியர் வரைதான் தாங்கும் என்பதை நினைத்துப் பார்த்தால், அந்தச் சாக்கெட்டை இந்த வேலைக்கு ஏன் நினைக்கவே கூடாது என்பது விளங்கும்.

ஆனால் உச்சம் என்பது வேறு, சராசரி என்பது வேறு. ஹாம்கள் குரல் அனுப்பும் வழிகளில் ஒன்றான ஒற்றைப் பக்கப்பட்டை (எஸ்எஸ்பி) முறையில் பேசும்போது, நீங்கள் வாய் திறக்காத நொடியில் திறன் ஏதும் வெளியே போவதில்லை. குரலின் ஏற்ற இறக்கத்தோடு ஓட்டமும் ஏறி இறங்கும். சாதாரணப் பேச்சில் சராசரி ஓட்டம், உச்சத்தில் மூன்றில் ஒரு பங்கிலிருந்து பாதி வரை இருக்கும். குரலை இறுக்கும் கம்ப்ரஷன் வசதியைக் கூட்டினால் சராசரியும் கூடும். எஃப்எம் முறையிலும், கணினி வழியாக அனுப்பும் டிஜிட்டல் முறைகள் பலவற்றிலும் நிலைமை வேறு. பொத்தானை அழுத்திய நொடியிலிருந்து விடும் வரை, நீங்கள் பேசினாலும் பேசாவிட்டாலும் முழு ஓட்டமும் போய்க்கொண்டே இருக்கும். ஒரே ஆம்ப்ளிஃபயர் ஒரு முறையில் வண்டிக்கு எளிய சுமையாகவும் மற்றொரு முறையில் தாங்கமுடியாத சுமையாகவும் இருப்பதற்கு இதுவே காரணம். எந்த முறையில் பேசப்போகிறோம் என்று தெரியாமல் ஆம்பியர் கணக்குப் போடுவதில் பயனில்லை.

இனி கொடுக்கும் பக்கத்துக்கு வருவோம். ஆல்டர்னேட்டரின் உடலில் 90 ஆம்பியர் என்று குறித்திருந்தால், அது வேகமாகச் சுழலும்போது தரக்கூடிய அளவு. வழக்கமாக ஆல்டர்னேட்டரின் அச்சு நிமிடத்துக்கு 6000 முறை சுற்றும் நிலையில் அளந்த எண்ணையே எழுதுகிறார்கள். இன்ஜின் ஐடிலில் 750 அல்லது 800 சுற்றில் ஓடும்போது, புல்லியின் அளவு விகிதத்தால் ஆல்டர்னேட்டர் அதைப்போல் இரண்டரை முதல் மூன்று மடங்கு வேகத்தில் சுற்றும். அதாவது 2000 சுற்றுக்குப் பக்கத்தில். அந்த வேகத்தில் அது தரும் ஓட்டம், எழுதியிருப்பதில் ஏறக்குறைய பாதிதான். பானட்டுக்குள் சூடேற ஏற அதுவும் குறையும்.

இந்தப் பாதியும் முழுவதும் உங்களுக்கில்லை. இன்ஜினின் கட்டுப்பாட்டுக் கணினி, எரிபொருள் பம்ப், இக்னிஷன் ஆகியவை 10 ஆம்பியர் அளவு எடுத்துக்கொள்ளும். 55 வாட் ஹாலஜன் முகப்பு விளக்குகள் இரண்டும் பின்விளக்குகளும் சேர்ந்து இன்னொரு 10 அல்லது 12 ஆம்பியர். ஏசியின் ஊதுவிசிறி அதே அளவு. ஆக, 90 ஆம்பியர் ஆல்டர்னேட்டர் ஐடிலில் 45 தருகிறது என்றால், இரவில் வண்டியே 35 எடுத்துக்கொண்டு, உங்கள் கைக்கு 10 ஆம்பியரைத்தான் விட்டுவைக்கிறது. ஆம்ப்ளிஃபயர் மட்டும் கேட்பதோ 72. வித்தியாசமான 62 ஆம்பியரைப் பேட்டரி கொடுக்கிறது. தொடக்கத்தில் நான் சொன்ன டேஷ்போர்டு விளக்கு மங்குவது இந்த நொடியில்தான்: ஆல்டர்னேட்டர் தரும் அழுத்தத்திலிருந்து பேட்டரியின் அழுத்தத்துக்கு அமைப்பு முழுவதும் இறங்குகிறது.

நெடுஞ்சாலையில் ஓடும்போது இதே கணக்கு வேறு விதமாக முடியும். ஆல்டர்னேட்டர் 80 ஆம்பியர் தருகிறது, வண்டி 35 எடுக்கிறது, 45 மிச்சம். பக்கப்பட்டைப் பேச்சின் சராசரியான 30 ஆம்பியர் அதில் தாராளமாக அடங்கும். உச்சங்களைப் பேட்டரி தாங்கிக்கொண்டு, நீங்கள் மூச்சு வாங்கும் இடைவெளியில் இழந்ததை நிரப்பிக்கொள்ளும். எஃப்எம்மில் 72 ஆம்பியரும் தொடர்ந்து போனால், ஓடும் வண்டியிலேயே மணிக்கு 27 ஆம்பியர் மணி (ஓர் ஆம்பியரை ஒரு மணி நேரம் எடுத்தால் ஓர் ஆம்பியர் மணி) பேட்டரியிலிருந்து கழியும். நின்றுகொண்டிருக்கும் வண்டியில், 50 ஆம்பியர் மணி பேட்டரியின் பாதி அரை மணி நேரத்துக்குள் தீர்ந்துவிடும். ஈய அமில பேட்டரியிலிருந்து அதிக ஓட்டத்தை எடுத்தால் அதன் பயன்படும் கொள்ளளவே சுருங்கிவிடும். வில்ஹெல்ம் பொய்கெர்ட் என்ற ஜெர்மானியர் 1897இல் இதைச் சூத்திரமாகவே எழுதிவைத்தார். மேலும், வண்டிகளில் இருக்கும் பேட்டரி சில நொடிகள் பெரும் ஓட்டத்தைக் கொடுத்து இன்ஜினைக் கிளப்புவதற்காகச் செய்யப்பட்டது. அதை அடிக்கடி பாதிக்குக் கீழே வடியவிட்டால் தகடுகளில் சல்ஃபேட் படிந்து, அது விரைவில் கெட்டுவிடும். நிறுத்திவைத்துப் பேசும் பழக்கமுள்ளவர்கள் ஆழமாக வடிக்கத் தக்க இரண்டாவது பேட்டரி ஒன்றை, முதல் பேட்டரியோடு தனிப்படுத்தும் ரிலே வழியாக இணைத்துக்கொள்வதே முறை என்பது என் கருத்து.

இவ்வளவையும் சுமப்பது இன்ஜின்தான். ஆல்டர்னேட்டரின் பயனுறுதிறன் 55 முதல் 60 சதவீதம் அளவில் இருப்பதால், 1000 வாட் மின்சாரத்துக்கு இன்ஜின் 1750 வாட்டுக்குப் பக்கத்தில், அதாவது 2 குதிரைத்திறனுக்கு மேல், பெல்ட் வழியாகத் தரவேண்டும். பேசத் தொடங்கியதும் பெல்ட் கிறீச்சிட்டால் அது தளர்ந்து வழுக்குகிறது என்று கொள்ளலாம்.

கேபிளைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனெனில் நான் பார்த்த பொருத்தல்களில் பெரும்பாலான தவறுகள் இங்கேதான் நடந்திருந்தன. 1 சதுர மில்லிமீட்டர் குறுக்குப்பரப்பும் 1 மீட்டர் நீளமும் உள்ள செப்புக் கம்பியின் மின்தடை ஏறத்தாழ 0.0172 ஓம். பேட்டரி முன்னால் இருக்கிறது, ஆம்ப்ளிஃபயர் பின்னால் டிக்கியில் இருக்கிறது என்றால், ஒரு பக்கம் 4 மீட்டர். மின்னோட்டம் போய்த் திரும்பவும் வேண்டும் என்பதால் 8 மீட்டர். 6 சதுர மில்லிமீட்டர் கம்பியைப் போட்டால் மொத்தத் தடை 0.023 ஓம் வரும். கேட்பதற்கு ஒன்றுமில்லாத எண். 20 ஆம்பியர் ரேடியோவுக்கு அதில் அரை வோல்ட்டுக்கும் குறைவாகத்தான் இழப்பு வரும். அதே கம்பியில் 72 ஆம்பியரை விட்டால் இழப்பு 1.65 வோல்ட். பேட்டரியில் 13.8 இருந்தாலும் ஆம்ப்ளிஃபயரின் முனையில் 12.15 வோல்ட்தான் கிடைக்கும். இழந்த 1.65 வோல்ட்டும் 72 ஆம்பியரும் சேர்ந்து 119 வாட் வெப்பமாகக் கம்பி நெடுகிலும், கார்பெட்டுக்கு அடியில், எரிந்துகொண்டிருக்கும். 35 சதுர மில்லிமீட்டர் கேபிளைப் போட்டால் அதே இழப்பு 0.28 வோல்ட்டாகச் சுருங்கிவிடுகிறது. தடிமனான கேபிள் வளைக்கக் கடினம், விலையும் கூடுதல்; ஆனாலும் ஆம்ப்ளிஃபயருக்குச் செலவிடும் பணத்தில் ஒரு பங்கை முதலில் கேபிளுக்கு ஒதுக்குங்கள் என்றே நான் சொல்வேன். வாங்கும்போது அது முழுச் செம்பா என்று பார்க்க வேண்டும். அலுமினியத்தின் மேல் செம்பு பூசிய கேபிள் பார்வைக்கு அதேபோல் இருக்கும். தடை ஒன்றரை மடங்கு அளவு இருக்கும்.

கேபிள் சரியாக இருந்தாலும் இணைப்புகள் காலை வாரிவிடலாம். ஒருமுறை பத்து நிமிடப் பேச்சுக்குப் பின் ஃபியூஸ் பிடியைத் தற்செயலாகத் தொட்டேன், விரல் சுட்டது. பிளாஸ்டிக் உறை ஒரு பக்கம் இளகி, விரல் பட்ட இடத்தில் குழி விழுந்தது. ஃபியூஸ் போகவில்லை, ஏனெனில் ஓட்டம் அளவுக்குள்தான் இருந்தது. கேபிளின் நுனியில் மாட்டும் உலோக முனையான லக்கை நான் சாதாரணக் குறடால் நசுக்கியிருந்தேன், கிரிம்ப் கருவியால் அழுத்தவில்லை. குற்றம் அங்கே இருந்தது. 5 மில்லி ஓம் தடையுள்ள தளர்ந்த இணைப்பு ஒன்றில் 72 ஆம்பியர் ஓடினால் 26 வாட் வெப்பம் பிறக்கும். அது ஒரு சிறிய சால்டரிங் அயர்னின் வெப்பம்.

ஃபியூஸ் எதற்காக என்பதிலும் குழப்பம் உண்டு. அது ஆம்ப்ளிஃபயரைக் காப்பதற்கு முன் கேபிளைக் காக்கிறது. வண்டி பேட்டரியின் உள்தடை சில மில்லி ஓம்களே என்பதால், கேபிள் எங்காவது தேய்ந்து பாடியின் இரும்பில் பட்டுவிட்டால் ஆயிரம் ஆம்பியருக்கு மேல் பாயக்கூடும். ஆகவே ஃபியூஸ் பேட்டரியின் பாசிட்டிவ் முனையிலிருந்து ஒரு சாண் தொலைவுக்குள் இருக்க வேண்டும்; ஆம்ப்ளிஃபயருக்குப் பக்கத்தில் மட்டும் வைத்தால், இடையிலுள்ள 4 மீட்டரும் காவலற்றுக் கிடக்கும். அதன் அளவு, கேபிள் தாங்குவதற்குள்ளும் ஆம்ப்ளிஃபயர் கேட்பதற்குச் சற்று மேலும் இருக்க வேண்டும்.

நெகட்டிவ் கம்பியை நேராகப் பேட்டரி முனையில் இணைத்தால் அதற்கும் ஒரு ஃபியூஸ் வேண்டும் என்பது பழைய அறிவுரை. இன்ஜினுக்கும் பேட்டரிக்கும் இடையிலுள்ள எர்த் பட்டை அறுந்துபோனால், ஸ்டார்ட்டர் மோட்டாரின் நூற்றுக்கணக்கான ஆம்பியர் உங்கள் ரேடியோவின் நெகட்டிவ் கம்பி வழியாகத் திரும்பப் பார்க்கும் என்பதே அதன் காரணம். புதிய வண்டிகள் பலவற்றில் நெகட்டிவ் முனையிலேயே பேட்டரியின் நிலையை அளக்கும் சென்சார் இருக்கிறது. அதைத் தாண்டி நேராக முனையில் மாட்டினால், நீங்கள் எடுக்கும் ஓட்டம் அதன் கணக்கில் வராது. வண்டியின் கணினி பேட்டரி நிறைந்திருப்பதாகத் தவறாக எண்ணி, ஊட்டத்தைக் குறைத்துவிடும். அத்தகைய வண்டிகளில், பேட்டரியின் எர்த் கேபிள் பாடியில் சேரும் இடத்தில்தான் நெகட்டிவை இணைக்க வேண்டும். இவ்வண்டிகளில் ஆல்டர்னேட்டரின் அழுத்தத்தையே கணினி ஏற்றி இறக்குவதும் உண்டு என்பதால், ஓடும் வண்டியிலும் 12.5 வோல்ட் மட்டும் காட்டினால் உடனே பழுது என்று முடிவுகட்ட வேண்டியதில்லை.

அழுத்தம் குறைந்தால் என்ன ஆகும்? ஆம்ப்ளிஃபயர் தரக்கூடிய உச்சத் திறன் ஏறக்குறைய அழுத்தத்தின் இருமடிக்கு ஏற்ப மாறும். 13.8 இலிருந்து 12 வோல்ட்டுக்கு இறங்கினால் 500 வாட் 378 ஆகிவிடும். இது 1.2 டெசிபல் மட்டுமே. மறுமுனையில் கேட்பவர் இதைக் கவனிக்கவே மாட்டார். கேடு வேறிடத்தில் நிகழ்கிறது. தூண்டும் சைகை பழைய அளவிலேயே இருக்க, ஆம்ப்ளிஃபயரின் உச்சவரம்பு தாழ்ந்துவிட்டதால், குரல் அலையின் முகடுகள் தட்டையாக வெட்டுப்படுகின்றன. வெட்டுப்பட்ட அலை தன் அலைவரிசைக்கு வெளியேயும் சிதறி, பக்கத்தில் பேசிக்கொண்டிருக்கும் மற்றவர்களின் காதில் கரகரப்பாக விழும். உங்கள் வண்டியின் மெலிந்த கேபிள் முன்பின் தெரியாத ஒருவரின் உரையாடலைக் கெடுக்கிறது என்பது எனக்கு எப்போதும் உறுத்தலான செய்தி. ரேடியோவின் தூண்டுதலைக் குறைப்பது உடனடி மருந்து.

கார் ஆடியோ வைப்பவர்களைப் பார்த்து, 1 ஃபாரட் மின்தேக்கியை வாங்கி மாட்டலாமா என்று பலர் கேட்பார்கள். 14.4 வோல்ட்டிலிருந்து 12 வோல்ட்டுக்கு இறங்குவதற்குள் அது தரும் மின்னூட்டம் 2.4 கூலோம்தான்; 72 ஆம்பியருக்கு அது ஒரு நொடியில் முப்பதில் ஒரு பங்கு நேரம்தான் தாங்கும். ஒரு குறிலை உச்சரிக்கவும் அது போதாது.

சில பெரிய ஆம்ப்ளிஃபயர்களின் டிரான்சிஸ்டர்கள் 50 வோல்ட் அளவில் இயங்கும். அவற்றை வண்டியில் ஓட்ட, அழுத்தத்தை ஏற்றும் மாற்றி ஒன்று இடையில் வேண்டும். அழுத்தம் குறையும்போது சாதாரண ஆம்ப்ளிஃபயர் திறனைக் குறைத்துக்கொள்ளும்; மாற்றியோ அதே திறனைத் தருவதற்காக மேலும் அதிக ஓட்டத்தை இழுக்கும். 90 சதவீதப் பயனுறுதிறனில் 1000 வாட் தரும் மாற்றி 13.8 வோல்ட்டில் 80 ஆம்பியர் கேட்டால், 12 வோல்ட்டில் 92 ஆம்பியருக்கு மேல் கேட்கும். ஓட்டம் கூடக் கம்பியில் இழப்பும் கூடும், அதனால் அழுத்தம் இன்னும் தாழும்.

இவ்வளவு செலவுக்கும் கிடைப்பது என்ன என்பதையும் வாங்குவதற்கு முன் எடைபோட வேண்டும். 100 வாட்டிலிருந்து 500 வாட்டுக்குப் போவது 7 டெசிபல். மறுமுனையிலுள்ள ரேடியோவின் சைகை வலிமை காட்டும் மீட்டரில் ஓர் எஸ் அலகுக்கு, அதாவது அதன் ஒரு படிக்கு, சற்று மேல். தாழ்ந்த அலைவரிசைகளில் வண்டியின் குட்டை ஆன்டெனா, கொடுத்த திறனில் சில சதவீதத்தை மட்டுமே வெளியே விடுகிறது. அங்கே ஆன்டெனாவின் சுருளையும் பாடியோடு அதன் இணைப்பையும் திருத்தி இதே அளவு ஆதாயத்தை, ஓர் ஆம்பியர்கூடக் கூடுதலாக எடுக்காமல், பெற முடிவதுண்டு. அந்த வேலையை முடித்த பிறகும் உரிமம் அனுமதிக்கும் அளவுக்குள் கூடுதல் திறன் வேண்டுமென்றால்தான் நான் ஆம்ப்ளிஃபயர் பக்கம் போவேன்.

பொருத்தி முடித்தபின் ஒரு மல்டிமீட்டரும், நேர்மின்னோட்டம் அளக்கும் கிளாம்ப் மீட்டரும் போதும். இன்ஜினை ஐடிலில் விட்டு, விளக்குகளையும் ஊதுவிசிறியையும் போட்டு, திறனை வெளியே விடாமல் வெப்பமாக்கும் செயற்கைச் சுமை ஒன்றை ஆன்டெனாவுக்குப் பதிலாக மாட்டி, சில நொடிகள் முழுத் திறனில் அனுப்புங்கள். முதலில் பேட்டரி முனையில் அழுத்தத்தைப் பாருங்கள், பிறகு ஆம்ப்ளிஃபயர் முனையில் பாருங்கள். பேட்டரியில் 13.6 இருந்து ஆம்ப்ளிஃபயரில் 12.1 இருந்தால் குற்றம் கேபிளிலோ இணைப்பிலோ ஃபியூஸ் பிடியிலோ இருக்கிறது. மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியிலேயே வைத்துக்கொண்டு மறுமுனையை ஒவ்வோர் இணைப்பாக நகர்த்திக்கொண்டு போனால், எண் திடீரென்று தாவும் இடம் அகப்படும். நெகட்டிவ் பக்கத்தையும் இதேபோல் தனியாகப் பார்க்க வேண்டும். இரண்டு முனையிலும் 12.1 தான் என்றால் கேபிளில் பழுதில்லை. ஆல்டர்னேட்டரால் ஈடுகொடுக்க முடியவில்லை. அப்போது ஆக்ஸிலரேட்டரை மெல்ல மிதித்து இன்ஜினை 1500 சுற்றுக்கு ஏற்றிப் பாருங்கள். எண் 13க்கு மேல் ஏறினால் ஓடும்போது பேசலாம், நிற்கும்போது திறனைக் குறைத்துக்கொள்ள வேண்டும். ஏறாவிட்டால் பெல்ட்டையும், அதற்கடுத்து ஆல்டர்னேட்டரையும் பார்க்க வேண்டியிருக்கும்.